வாளித் தண்ணீரில் ஒரு வகுத்தல் கணக்கு

மார்கழி மாதத்து விடியற்காலை. பச்சைத் தண்ணீரைத் தொட்டாலே உடம்பு வெடவெடக்கிறது. வீட்டுக்காரர் வாளியில் தண்ணீர் பிடித்து, ஹீட்டர் ராடை அதில் தொங்கவிட்டு, ஸ்விட்சைப் போடுகிறார். ஐந்து நிமிஷம் ஆகிறது. அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் கேட்கிறது: "ஏங்க, எங்கேயோ தீயற வாடை வருதே!"

ஓடிப் போய்ப் பார்த்தால், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. சுவரில் செருகிய பிளக்குதான் தொட முடியாமல் கொதிக்கிறது!

தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு சுவருக்கு எப்படி வந்தது? இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் தெரிந்தால் போதும்.

இரண்டே விதிகள்

மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ட். குழாயில் ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்து ஓட்டத்தைத் தடுக்கிறதல்லவா? அந்தத் தடையை மின்சாரத்தில் ஓம் என்ற அளவால் சொல்கிறோம்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அவ்வளவுதான்!

நம் ஹீட்டர் ராடையே எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ராடு வேலை செய்யும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் 6.5 ஆம்பியர் ஓடுகிறது. 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் ராடின் தடை சுமார் 35 ஓம். 230-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 1,495 வாட். ராடின் மேல் "1,500 வாட்" என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.

இப்போது சுவரைப் பாருங்கள். சின்ன பிளக் துவாரம் 6 ஆம்பியருக்குத்தான் ஏற்பட்டது. ராடோ 6.5 ஆம்பியர் கேட்கிறது. அதற்கு உரிய இடம் 16 ஆம்பியர் பெரிய பிளக்.

பூட்டுக்காரர் மகன்

இந்த வகுத்தல் கணக்கை உலகுக்குத் தந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில், பூட்டுச் செய்பவரின் மகனாக 1789-ல் பிறந்த கியோர்க் சைமன் ஓம். 1827-ல் தம் கண்டுபிடிப்பைப் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அதைப் பாராட்டியவர் மிகச் சிலரே. பார்த்துவந்த வேலையையும் விட்டு விலகினார். 1841-ல்தான் லண்டன் ராயல் சங்கம் தனது காப்ளி பதக்கத்தை அளித்து அவரைக் கௌரவித்தது. இன்று மின்தடையை அளக்கும் இடமெல்லாம் அவர் பெயரே ஒலிக்கிறது.

வோல்ட் குறைந்தால்?

மாலை நேரத்தில் விளக்கு மங்குகிறது. "லோ வோல்டேஜ்" என்கிறோம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். ராடின் தடை ஏறக்குறைய அதேதான். ஆகவே ஓட்டம் 5.1 ஆம்பியராகிவிடும். 180-ஐ 5.1-ஆல் பெருக்கினால் 918 வாட். வோல்ட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். சூடு குறைந்ததோ ஐந்தில் இரண்டு பங்கு! வோல்ட்டோடு ஆம்பியரும் சேர்ந்து இறங்கிவிடுவதே காரணம். 20 நிமிஷத்தில் காய வேண்டிய வாளிக்கு அரைமணிக்கு மேல் ஆகும்.

ஆனால் எல்லாச் சாதனத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மின்விசிறி, குளிர்பெட்டி போன்ற மோட்டார் உள்ளவற்றில், பெருக்கி வரும் தொகையைவிட உண்மையான வாட் குறைவாகவே இருக்கும். பழைய இழை பல்பில் வேறொரு வேடிக்கை. 100 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். அணைந்து ஆறியபின் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. உஷ்ணம் ஏறினால் இழையின் தடையும் ஏறுகிறது.

பிளக்கில் ஒளிந்த அடுப்பு

சரி, பிளக் ஏன் கொதித்தது? துவாரம் தேய்ந்து, முள் தொளதொளவென்று நிற்கிறது. அந்த இடத்தில் வெறும் 1 ஓம் தடை கூடுதலாக உண்டானது என்று வைத்துக்கொள்வோம். 35 ஓமுக்கு முன் 1 ஓம் என்ன பிரமாதம் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். இப்போது ஓடுவது 6.3 ஆம்பியர். அந்த 1 ஓம் தடையில் விழும் அழுத்தம் 6.3 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் சுமார் 40 வாட்! பிளக்கின் உள்ளே ஒரு 40 வாட் பல்பை எரியவிட்டதற்குச் சமம். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றாது. ஓட்டம் கூடினால்தான் ஃபியூஸ் போகும். இங்கே ஓட்டம் கூடவில்லை. கொஞ்சம் குறையவே செய்தது.

இன்னொரு கணக்கையும் மறக்க வேண்டாம். ஈரமான உடம்பின் தடை சுமார் 1,000 ஓமுக்கு இறங்கிவிடலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். மனிதனின் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைக் குடிக்க அது போதும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது கொசுக்கடி! ஆகவேதான் 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தை வீட்டில் பொருத்தச் சொல்கிறார்கள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியில் கை வைக்க வேண்டும்.

அடுத்த முறை கடையில் ஒரு மின்சாதனம் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதன் முதுகில் எழுதியிருக்கும் வாட்டையும் பாருங்கள். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். அந்த எண் 6-ஐத் தாண்டினால், சின்ன பிளக்கை நாடாதீர்கள். அரை நிமிஷக் கணக்குதான். ஆனால் அது காப்பாற்றுவது ஒரு வீட்டை.