பந்தல் போடவும் ஒரு படிப்பா?

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், அஸ்தினாபுரத்து இல்லங்களில் வாசற்படி முதல் அடுப்பங்கரை வரை ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில் சேர்ப்பது? பக்கத்திலேயே குரோம்பேட்டையில் பெண்களுக்கான வைஷ்ணவக் கல்லூரி. தெற்கே தாம்பரத்தில், 1937-இல் அங்கே இடம்பெயர்ந்து வந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பாடத்தைத் தெரிந்தெடுப்பதில்தான் குழப்பம். பொறியியல், வணிகவியல், செவிலியர் பயிற்சி எனப் பெற்றோர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கையில், பிள்ளைகள் புதிதாக ஒரு பெயரைச் சொல்கின்றனர்: ஈவென்ட் மேனேஜ்மென்ட். தமிழில் நிகழ்ச்சி மேலாண்மை எனலாம். அதன் ஒரு கிளைதான், ஒரு நிகழ்ச்சியை மக்களிடம் கொண்டுசேர்த்து, அதற்கு வரவு தேடித் தரும் நிகழ்ச்சிச் சந்தைப்படுத்தல்.

நாம் அறிந்த ஒரு குடும்பத் தலைவர் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பந்தல் கான்ட்ராக்ட் எடுத்துப் பிழைப்பவர். அவருடைய மகள் மேலாண்மைப் பட்டப்படிப்பில் சேர்ந்து இதனையே சிறப்புப் பாடமாகக் கற்க விரும்புகிறாள். தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. "சாமி, நான் சவுக்குக் கட்டை நட்டுப் பிழைத்தேன். என் மகள் பட்டம் வாங்கி அதே கட்டையை நட வேண்டுமா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வியே. அதற்கு விடை காண வேண்டுமாயின், அப்படிப்பில் என்னதான் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மக்களைக் கூட்டுவதும், அதற்குக் கட்டணம் வைப்பதும் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது உடன் நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் மறு ஆண்டில் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் இசைவிழாவும் அதன்வழி வளர்ந்தது. 1977-இல் அண்ணா சாலைப் பள்ளி ஒன்றில் தொடங்கிய புத்தகக் காட்சி இன்று இலட்சக்கணக்கானோர் வந்து செல்லும் பெருவிழா. நம் பங்குகளில் கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை திருவிழாக் குழுவினர் செய்வதும் இவ்வேலையே. கல்லூரிப் பாடமாக மட்டும் இது இளையது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1994-இல் சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கியது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் 1996-இல் பட்டப்படிப்பாகவே ஆக்கியது. நம் கல்லூரிகளில் இது பெரும்பாலும் வணிக மேலாண்மை, சுற்றுலா, காட்சித் தொடர்பியல் ஆகிய பட்டப்படிப்புகளுக்குள் ஒரு பாடமாகவோ, தனிப் பட்டயப் படிப்பாகவோ இடம்பெறுகிறது.

அதே 1996-ஆம் ஆண்டை இந்தியாவில் இத்துறையின் பள்ளிக்கூடம் என்றே சொல்லத் தோன்றுகிறது. அவ்வாண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளில் நடந்தது. பெரும் பணம் கொடுத்து அதிகாரபூர்வ பானம் என்ற உரிமையைக் கொக்கோ கோலா பெற்றது. பெப்சி நிறுவனமோ அவ்வுரிமையையே கேலிசெய்து விளம்பரம் வெளியிட்டு மக்களின் கவனத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. பணம் கட்டியவர் ஒருவர், பேர் வாங்கியவர் மற்றவர்! ஒருவர் வைத்த பந்தியில் இன்னொருவர் இலை போட்டு அமரும் இத்தந்திரத்தைப் பதுங்கு விளம்பரம் எனலாம். இன்றும் மாணவர்கள் இதனை எடுத்துக்காட்டாகப் படிக்கின்றனர். நவம்பர் முதல் நாள் மும்பையில் மைக்கேல் ஜாக்சனின் ஆடல்பாடல் நிகழ்ச்சி. அதே மாதம் 23-ஆம் நாள் பெங்களூரில் உலக அழகிப் போட்டி. அழகிப் போட்டி நல்லதா என்பதைப் பற்றி நமக்குத் தனிக் கருத்து உண்டு. அது இங்கு வேண்டாம். அதனைப் பொறுப்பேற்று நடத்திய அமிதாப் பச்சனின் நிறுவனம் பெரும் நஷ்டத்துக்கு உள்ளாயிற்று. இந்தியா முழுதும் அறிந்த முகம் முன்னின்றும் வரவு செலவுக் கணக்கு ஒத்துவரவில்லை!

இதற்கு நேர்மாறான சான்று 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அப்போட்டியை நடத்திய மாண்ட்ரியல் நகரம், பட்ட கடனைத் தீர்க்க 2006 வரை ஆயிற்று. லாஸ் ஏஞ்சலிசில் பொறுப்பேற்ற பீட்டர் யூபரோத், பெரும்பாலும் முன்பே இருந்த அரங்குகளைப் பயன்படுத்தினார். புரவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைத்தார். ஒரு வகைப் பொருளுக்கு ஒரே நிறுவனம் என்று வரம்பிட்டதால், அவ்வோர் இடத்துக்குப் போட்டி எழுந்து விலை ஏறியது. முடிவில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று வாசகர்கள் எண்ணலாம். நம் அளவுக்கு இறங்கி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மண்டபத்தில் இசை நிகழ்ச்சி. வாடகை, மேடை, மைக் செட், ஜெனரேட்டர், கலைஞர் சன்மானம் எல்லாம் சேர்ந்து 3 இலட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். நுழைவுச்சீட்டு 250 ரூபாய். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் சிற்றுண்டிக்கு 100 ரூபாய். ஆகவே தலைக்கு மிஞ்சுவது 150. செலவைக் கட்ட 2,000 பேர் வர வேண்டும். மண்டபத்தில் இருப்பதோ 1,200 நாற்காலி! நோட்டீஸ் எவ்வளவு அச்சடித்தாலும், சீட்டு முழுதும் விற்றாலும், 1,20,000 ரூபாய் துண்டு விழுவது உறுதி. அதனைப் புரவலர் தர வேண்டும், அல்லது நிகழ்ச்சியின் அமைப்பை மாற்ற வேண்டும். இக்கணக்கைப் போடாமல், "கூட்டம் வரும், எல்லாம் சரியாகிவிடும்" என்று இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட சங்கங்களை நாம் கண்டிருக்கிறோம். அப்போதெல்லாம் கடைசியில் பணம் பெறுபவர், பல வேளைகளில் பெறாமலே போகிறவர், பந்தல்காரர். மேற்சொன்ன தந்தையின் நோட்டுப் புத்தகத்திலும் அத்தகைய பாக்கிகள் பல உண்டு. முன்பணம் எவ்வளவு, நிகழ்ச்சி ரத்தானால் யார் பொறுப்பு, மழை வந்தால் என்ன என்பவற்றை எழுத்தில் பெறும் வழக்கம் அவருக்கு இல்லை. மகள் கற்கவிருக்கும் பாடத்தில் ஒப்பந்தம் ஒரு முக்கியப் பகுதி. அதை நாம் எடுத்துச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

புரவலர் என்றவுடன் எவரிடமும் கை நீட்டிவிடலாம் என்று எண்ண வேண்டா. மேற்கூறிய 1996 உலகக் கோப்பை ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கி நடந்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் அத்தகைய ஆதரவையும் தடைசெய்தது. சட்டம் தடுக்காத சில பெயர்களும் இளைஞர் கூடும் மேடைக்குத் தகாதவை என்பது நம் கருத்து.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று உண்டு. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் சிக்கி நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணச் சீட்டுப் பெற விடியுமுன் கூடிய ஏழைகள் 42 பேர் மிதிபட்டு இறந்தனர். 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலைப் பனையூரில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியும் உள்ளே செல்ல இயலாமல் திரும்பியோர் பலர். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர் உயிரிழந்தனர். இவற்றை விதி என்று சொல்லி ஆறுதல் கொள்வது நம்மிடையே வழக்கம். கூட்டத்தின் இயல்பை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் அவ்வாறு சொல்லவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 7 பேர் நெருங்கிவிட்டால், கூட்டம் தண்ணீரைப்போல ஆகிவிடும். தனி ஒருவன் தன் காலால் நிற்கவோ விலகவோ இயலாது. நின்றபடியே மூச்சு முட்டி இறப்பான் என்று அவர் கண்டார். அந்நிலை வருமுன்னரே வாயிலை அடைக்கவும், வழியைப் பிரிக்கவும், வருவோரைச் சிறிது தொலைவிலேயே நிறுத்தவும் தெரிந்தவர் வேண்டும். சீட்டு விற்பவரும் இதில் பொறுப்பாளியே: இடம் இவ்வளவுதான் என்றால் விற்பனையும் அவ்வளவோடு நிற்க வேண்டும். இப்பாடத்தைக் கற்றுத்தராத சந்தைப்படுத்தல் படிப்பு, பிரேக் இல்லாத வண்டிக்கு ஓட்டுநர் பயிற்சி தருவதற்கு ஒப்பாகும்.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்கவேண்டியது. உக்ரைன் போரினால் இடம் மாறி, 2022 மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை 28 அன்று தொடக்கம். கையில் இருந்ததோ நான்கு மாதமும் சில நாள்களும். 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரர்கள் மாமல்லபுரத்துக்கு வந்தனர். நேப்பியர் பாலத்தையே சதுரங்கப் பலகையாக வண்ணம் தீட்டினர். வேட்டி கட்டிய குதிரைக்குத் தம்பி என்று பெயரிட்டுத் தெருவெங்கும் நிறுத்தினர். ஆட்டமே தெரியாத நம் பாட்டிமாரும் அதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டனர். அக்கேள்வியை எழுப்புவதுதான் சந்தைப்படுத்தலின் பாதி வேலை.

தொழிலின் கரடுமுரடான பக்கத்தையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். வேலை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும், ஊரார் விடுமுறை கொண்டாடும் நாள்களிலும் வரும். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது விதி. மேடையைப் பிரித்து அடுக்குவோர்க்கு அதற்குப் பிறகுதான் வேலை. நிரந்தரச் சம்பளத்தோடு வேலைக்குச் செல்வோரும் உளர். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரும் உளர். முகூர்த்த மாதங்களில் ஓய்வில்லை, ஆடியில் வேலையில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, முதலில் நின்றுபோனதும் பின்னர்க் கடைசியாகத் திரும்பியதுமான தொழில்களுள் இதுவும் ஒன்று. ஆகவே கணக்கியலோ மொழித் திறனோ வேறொரு கைத்தொழிலோ உடன் கற்றிருப்பது நன்று. பெரிய கட்டணம் கேட்டு, ஆறு மாதத்தில் கைநிறையச் சம்பளம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைக் குறித்து எச்சரிக்கை தேவை.

எனினும் கல்லூரி நாள்களிலேயே இதனைக் கைப்படக் கற்க இயலும் என்பது இப்படிப்பின் சிறப்பு. கிண்டி ஐ.ஐ.டி.யில் சாரங் என்னும் கலைவிழாவை மாணவர்களே புரவலர் தேடி, கணக்கு வைத்து நடத்துகின்றனர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ் விழாவும் அத்தகையதே. விழாவில் நோட்டீஸ் ஒட்டிய மாணவனைவிட, விழா முடிந்தபின் பில்களைச் சேர்த்துக் கணக்கு ஒப்படைத்த மாணவன் அதிகம் கற்றிருப்பான்.

சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோர் கல்லூரி அலுவலகத்தில் சில கேள்விகளைத் தயங்காது கேட்கலாம். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? பாடத்திட்டத்தில் ஒப்பந்தச் சட்டமும் வரியும் கூட்டப் பாதுகாப்பும் உண்டா? பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனம் மாணவர்க்கு உதவித்தொகை தருகிறதா, அன்றிக் கூலியில்லா ஆளாக வைத்துக்கொள்கிறதா? நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரவு பதினொன்றரைக்குப் பயிற்சி முடிந்தால், மாணவியை அஸ்தினாபுரத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது யார்? இக்கடைசிக் கேள்விக்கு விடையை எழுத்தில் பெற்ற பிறகே கட்டணம் செலுத்துவது நலம்.