கணக்கு வந்தது, இயற்பியல் வந்ததா?

பெரிய லாரி ஒன்றும் சின்னக் கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசை செலுத்தியிருக்கும்? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் மாணவர்களில் பலர், இதற்கு 'லாரிதான்' என்று தயங்காமல் குறித்துவிடுவார்கள். உண்மையில் இரண்டு விசைகளும் சமம். காரின் நிறை குறைவு, அதனால் அதற்கு முடுக்கம் அதிகம். அடி அங்கே பலமாக விழுகிறது.

இந்தக் கேள்வி இடம்பெற்ற வினாத்தாளுக்கு 'ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி' என்று பெயர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டெனிஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் ஆகியோருடன் சேர்ந்து 1992-ல் இதை வெளியிட்டார். இப்போது புழங்கும் வடிவத்தில் 30 கேள்விகள். கால்குலேட்டர் தேவையில்லை, சூத்திரமும் தேவையில்லை.

இதன் சூட்சுமம் தவறான விடைகளில் இருக்கிறது. அவை வாய்க்கு வந்தபடி சேர்க்கப்பட்டவை அல்ல. மாணவர்கள் நிஜமாகவே நம்புகிறவை. மேலே எறிந்த பந்து கையை விட்டுப் போன பிறகு அதன்மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றின் தடையை விட்டுவிட்டால், புவியீர்ப்பு மட்டும்தான். ஆனால், கை கொடுத்த விசை பந்தோடு கூடவே போய், மெல்ல மெல்லத் தீர்ந்துபோவதாக நினைப்பவர்கள் ஏராளம். அந்த நினைப்பே ஒரு விடையாக அங்கே காத்திருக்கிறது. எனவே, தவறாக எழுதிய மாணவரின் தாளைப் பார்த்தாலே, அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது ஆசிரியருக்குப் புரிந்துவிடும்.

ஹார்வர்டில் பாடம் நடத்திய எரிக் மஸூருக்கு இந்த வகைக் கேள்விகள் முதலில் அற்பமாகத்தான் பட்டன. தம் மாணவர்கள் சுலபமாக எழுதிவிடுவார்கள் என்று நம்பித் தேர்வு வைத்தார். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டுவிட்டார்! ஒரு பருவம் முழுக்கக் கேட்ட பாடமும் சொந்த நம்பிக்கையும் அந்த மாணவியின் தலைக்குள் தனித்தனியாகவே இருந்திருக்கின்றன.

மஸூர் அதோடு விடவில்லை. ஒரே தேர்வில் மின்சுற்று பற்றி இரண்டு கேள்விகள் கொடுத்தார். ஒன்று, இரண்டு பேட்டரிகள் கொண்ட சுற்றில் மின்னோட்டம் காணும் வழக்கமான கணக்கு. மற்றொன்று, தொடரிணைப்பில் மூன்று பல்புகள். சுவிட்சைப் போட்டால் ஒரு பல்பு குறுக்குச் சுற்றாகும். மற்ற இரண்டின் வெளிச்சம் கூடுமா, குறையுமா? கிர்ச்சாஃப் விதியைப் போட்டுக் கணக்கை முடித்த பலர் பல்புக் கேள்வியில் தடுமாறினார்கள். பல்புகள் பிரகாசமாகும் என்று சொல்ல முடியாதவருக்கு மின்சுற்று புரிந்தது என்று எப்படி மதிப்பெண் போடுவது?

மாணவர்களின் புரிதலில் ஏற்படும் வளர்ச்சியை அளக்க ஒரு வழியை இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் முன்வைத்தார். பாடம் தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்த பின் அதே தேர்வு. முதலில் 40 சதவீதம் எடுத்த வகுப்புக்கு இன்னும் எட்ட வேண்டியது 60. முடிவில் 58 எடுத்தால், அந்த 60-ல் கிடைத்தது 18, ஆதாயம் 0.30. 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் விவரங்களை அவர் இப்படி அலசினார். பெரும்பாலும் விரிவுரையாகவே நடந்த 14 வகுப்புகளின் சராசரி ஆதாயம் 0.23. மாணவர்கள் தமக்குள் பேசி, விவாதித்துக் கற்ற 48 வகுப்புகளில் 0.48. ஏறக்குறைய இரு மடங்கு.

நம் கல்லூரிகளிலும் தர மதிப்பீட்டுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகள் எழுதி வைக்கப்படுகின்றன. அவை எட்டப்பட்டனவா என்பதைப் பெரும்பாலும் அகமதிப்பீடு, செமஸ்டர் தேர்வு மதிப்பெண்களை வைத்தே கணக்கிடுகிறார்கள். மாணவர் உள்ளே வரும்போது என்ன தெரிந்திருந்தார் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பட்டியல் நிரம்புகிறது, மேலே எறிந்த பந்து பற்றிய பழைய நம்பிக்கை பட்டம் வாங்கும் வரை கூடவே வருகிறது. இது பெரிய அநியாயம்.

அறிவை மட்டும் அளந்தால் போதாது என்று கொலராடோ பல்கலைக்கழகக் குழு ஒன்று அடுத்த படிக்குப் போனது. இயற்பியல் என்பது சூத்திரங்களின் தொகுப்பா, அன்றாட வாழ்வோடு அதற்குத் தொடர்பு உண்டா என்பது போன்ற மனப்பாங்கைக் கேட்கும் கருத்துக்கணிப்பை 2006-ல் வெளியிட்டது. பாடத்துக்கு முன்னும் பின்னும் இதைக் கொடுத்துப் பார்த்தபோது, வழக்கமான அறிமுக வகுப்புகள் பலவற்றில் மாணவர்களின் பார்வை நிபுணர்களின் பார்வையிலிருந்து இன்னும் விலகிப் போயிருந்தது.

(தொடரும்)