ஸ்னோமொபைல் டிரெய்லரும் முன்பாரமும்

மினசோட்டாவில் குளிர்காலம் ஐந்து மாதம். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பழைய ஸ்னோமொபைல் வாங்கினோம். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போல ஓடும் ரப்பர் பட்டை, மேலே மோட்டார் சைக்கிள் மாதிரி சீட்டு. இங்கே சுருக்கமாக 'ஸ்லெட்' என்பார்கள். போலாரிஸ் பிறந்த ரோசோவும் ஆர்க்டிக் கேட் பிறந்த தீஃப் ரிவர் ஃபால்ஸும் இந்த மாநிலத்து வடக்கு ஊர்கள்தான். இரண்டு நிறுவனத்தின் தொடக்கத்திலும் எட்கர் ஹெட்டீன் என்ற ஒரே ஆள் இருந்திருக்கிறார் என்பது தனிக் கதை.

நல்ல பனி வேண்டுமென்றால் மிஷிகனின் கிவீனா தீபகற்பத்துக்குப் போகணும். சுப்பீரியர் ஏரியின் ஈரக்காற்று அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 200 அங்குலத்துக்கு மேல் பனியைக் கொட்டுகிறது. எங்கள் வீட்டிலிருந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். வழியெல்லாம் ரோட்டில் உப்பு. திறந்த டிரெய்லரில் போட்டுக்கொண்டு போனால் இறங்கும்போது ஸ்லெட் உப்புக்கண்டம் மாதிரி இருக்கும். அதனால்தான் மூடிய டிரெய்லர். அரை மணி நேரத் தூரத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு இது தேவையே இல்லை. திறந்த டிரெய்லரும் ஒரு நல்ல உறையும் போதும்.

முதல் வருஷம் வாடகைக்கு எடுத்தோம். கதவு பின்பக்கம் மட்டும். என் ஸ்லெட்டுக்கு ரிவர்ஸ் கிடையாது. போன இடத்தில் இருட்டில், பனியில், 600 பவுண்டு வண்டியைப் பின்னால் இழுக்க வேண்டாமே என்று, கிளம்பும்போதே வீட்டு வாசலில் நாலு பேர் சேர்ந்து இரண்டையும் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றினோம். மூக்கு கதவைப் பார்த்தபடி. ரொம்ப புத்திசாலித்தனமாகப் பட்டது. பெட்ரோல் கேன்களையும் கதவோரமே வைத்தோம்.

நெடுஞ்சாலையில் ஒரு இறக்கம். 65 மைல் வேகம். ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக ஆடியது. அடுத்த ஆட்டம் முதலாவதைவிடப் பெரிது. மூன்றாவது அதைவிடப் பெரிது. காரின் பின்பக்கம் இடமும் வலமுமாகப் போகிறது, ஸ்டியரிங் என் கையில் இல்லை என்பது மாதிரி. பின்சீட்டில் பேசிக்கொண்டே வந்த பையன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். பிரேக்கை அழுத்தாமல் இருந்தது தெரிந்து செய்ததல்ல, கால் மரத்துப்போய்விட்டது. ஆனால் அதுதான் சரியான செயல் என்று பிறகு படித்தேன். 45 மைலுக்கு இறங்கியதும் ஆட்டம் அடங்கியது.

என்ன நடந்தது? ஊரில் பார வண்டி ஓட்டுபவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். ஹிட்ச் உருண்டையின் மேல், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் ஊசல் போல ஆடத் தொடங்கும், வேகம் கூடக்கூட ஆட்டம் தானாகப் பெருகும்.

ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிரெய்லர், இரண்டு ஸ்லெட், சாமான் எல்லாம் சேர்த்துச் சுமார் 2650 பவுண்டு. ஒழுங்காக ஏற்றியிருந்தால் முன்பாரம் 265ஆவது இருந்திருக்கும். ஸ்லெட்டில் என்ஜின் முன்னால் இருப்பதால், திருப்பி ஏற்றினால் எடை மையம் பின்னால் நகரும். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்லெட் 1200 பவுண்டு. 1200ஐ 1.5ஆல் பெருக்கி, ஹிட்சிலிருந்து அச்சு வரையுள்ள 14 அடியால் வகுத்தால் ஏறக்குறைய 129 பவுண்டு. அதாவது திருப்பி ஏற்றியதிலேயே முன்பாரம் பாதியாகிவிட்டது. கேன்களின் எடை வேறு.

ஆக, டிரெய்லர் வாங்கும்போது நான் முதலில் பார்த்தது கதவை. பின்னால் ஒரு சாய்தளக் கதவு, முன்மூக்கில் இன்னொன்று. பின்னால் ஏற்றி, முன்பக்கமாக ஓட்டி இறக்கலாம். மூக்கு எப்போதும் முன்னோக்கியே இருக்கும். விற்பவர்கள் இதை வசதி என்று சொல்லி விற்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதுகாப்பு என்பேன்.

அடுத்தது, இழுக்கும் வண்டி. எல்லோரும் இழுதிறன் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். என் எஸ்.யூ.வி.க்கு அது 5000 பவுண்டு. ஆனால் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் இன்னொரு எண் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. என் வண்டியில் அது 1250. குளிர் உடுப்போடு நாலு பேர் 680, பைகள் 120. மிச்சம் 450. முன்பாரமும் இந்த மிச்சத்துக்குள்தான் அடங்க வேண்டும். 2650 பவுண்டு டிரெய்லரின் முன்பாரம் 265 முதல் 400 வரை, சரி. நான் ஆசைப்பட்ட நாலு ஸ்லெட் டிரெய்லர் ஏற்றிய பின் 5000 பவுண்டு வரும். முன்பாரம் 500க்குக் குறையாது. இழுதிறன் 'முடியும்' என்கிறது, கதவுத் தாள் 'முடியாது' என்கிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சின்னதையே எடுத்தேன்.

விளம்பரங்களில் ஒற்றை அச்சு டிரெய்லர்களின் மொத்த எடை வரம்பு 2990 பவுண்டு என்று அடிக்கடி வரும். ஏன் இந்த விசித்திர எண் என்று யோசித்தேன். மினசோட்டா உட்படப் பல மாநிலங்களில் 3000 பவுண்டு தொட்டால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பத்து பவுண்டு குறைத்துச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். நான் கூடுதல் பணம் கொடுத்து எலெக்ட்ரிக் பிரேக் போட்டுக்கொண்டேன். ஆட்டம் வந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்கலாம். அது டிரெய்லரைப் பின்னாலிருந்து இழுத்து நேராக்கும்.

அளவுகளில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று நீளம். முன்பக்கம் ஆப்பு போலக் கூர்ந்திருக்கும் பகுதியைச் சிலர் நீளத்தில் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சேர்க்காமல். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளங்க. இன்னொன்று அகலம். எட்டரை அடி அகலப் பெட்டிக்குள் சக்கரங்களுக்கான மேடு இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் இரண்டு ஸ்லெட் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. தளம் சக்கரத்துக்கு மேலே அமைந்த 101 அங்குல வகையில் மேடு இல்லை, நிற்கும். ஆனால் தளம் உயரம், சாய்தளம் செங்குத்து. நான் எடுத்தது இதைத்தான்.

உயரத்தில் பேராசை வேண்டாம். நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம் என்று உயரமானதை எடுப்பார்கள். காற்றுத்தடை முன்பரப்போடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். 60க்குப் பதில் 75 மைலில் போனால் தடை 56 சதவீதம் அதிகம். போதாததற்கு, பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரியில் காற்றே சுமார் 16 சதவீதம் அடர்த்தி. உயரமான பெட்டி வீட்டு கராஜுக்குள் நுழையாது என்பதும் வாங்கிய பிறகுதான் பலருக்கு உறைக்கிறது.

உடல் அலுமினியமா இரும்பா? இந்த உப்பில் அலுமினியம்தான். அதிலும் கீழே படுத்து, இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களைப் பாருங்க. உப்புநீர் இடையில் நின்றால் அது ஒரு பேட்டரி, அரிப்பது அலுமினியம். பழைய டிரெய்லர் என்றால் ஒட்டுப்பலகைத் தளத்தைத் திருப்புளியால் குத்திப் பார்க்கணும். சறுக்குப் பலகையின் அடியிலுள்ள கார்பைடு முனை பலகையைக் கீறும், கீறலில் உருகிய பனி இறங்கும், மேலே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே உளுத்துப்போகும். நான் பிளாஸ்டிக் பட்டைகள் பதித்துவிட்டேன்.

காற்றுத்துளைகள் கீழேயும் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். ஹீட்டர் மாட்டித் தருகிறேன் என்றார் கடைக்காரர், வேண்டாம் என்றேன். இரண்டு கதவும் திறந்த பிறகுதான் என்ஜினை உள்ளே கிளப்புகிறோம், நேரே வெளியே ஓட்டிவிடுகிறோம்.

கிளம்பும் முன் முன்பாரத்தை நிறுத்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். குளியலறைத் தராசு, ஒரு கெட்டியான சட்டம், ஒரு செங்கல் போதும். சட்டத்தின் ஒரு முனை செங்கல் மேல், மூன்றடி தள்ளி மறுமுனை தராசு மேல். செங்கலிலிருந்து ஓரடியில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்க. தராசு காட்டுவதிலிருந்து, சட்டம் மட்டும் இருந்தபோது தராசு காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்பாரம். போன வாரம் 104 காட்டியது, அதாவது 312. என் பையன்தான் இப்போது அந்த எண்ணை வாசிக்கிறான். 265க்குக் கீழே இருந்தால் காரில் ஏற மாட்டானாம்.