கடைமடைக்கும் தண்ணீர்

ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் நெருங்கும்போது காவிரிப் படுகை உழவர்களின் பார்வை மேட்டூர் அணையை நோக்கித் திரும்பும். அணையில் போதிய நீர் இருப்பின் அந்நாளில் பாசனத்திற்காக மதகுகளைத் திறப்பது நெடுநாள் வழக்கம். சேலம் மாவட்டத்தில் திறந்துவிடப்படும் அந்நீர், நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையை ஒட்டிய ஒரு சிறு வயலை எவ்வாறு சென்றடைகிறது? அதனை இழுத்துச் செல்ல எந்திரம் எதுவும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும் நீரின் இயல்பும், அதற்கு வழியமைக்கும் மனிதரின் உழைப்புமே அதனைக் கொண்டு சேர்க்கின்றன.

நீர்த்தேக்கம்

குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, கர்நாடகத்தைக் கடந்து தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. அதன் நீரைத் தேக்கி வைக்கும் மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. நீர்மட்டம் 120 அடியை எட்டும்போது அணையில் 93.47 டி.எம்.சி. நீர் இருக்கும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி ஆகும்.

ஓடும் நீரை 'நொடிக்கு இத்தனை கன அடி' என்று அளப்பர். நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் நீர் வெளியேறினால் ஒரு டி.எம்.சி. குறைந்துவிடும். பாசனக் காலமோ ஜனவரி 28 வரை நீள்வது. ஆகவே நிரம்பிய அணையின் நீரையும் கணக்கிட்டே செலவிட வேண்டும்.

ஆறு பிரியும் இடங்கள்

மேட்டூரிலிருந்து வரும் நீர் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பை அடைகிறது. அங்கு ஆறு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆதலால் முற்காலத்தில் நீர் பெரும்பாலும் அப்பக்கமே ஓட, காவிரிக் கிளை வறண்டு மணல் மேடிட்டு வந்தது. இதனைத் தடுக்க 1836-38 ஆண்டுகளில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதன் பின்னர்ப் பாசனத்திற்குரிய நீர் காவிரியில் செல்லவும், மிகுதியான வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் செல்லவும் வழி ஏற்பட்டது.

திருவரங்கத்தைக் கடந்ததும் காவிரி கல்லணையை அடைகிறது. மேட்டூரில் திறந்த நீர் இங்கு வந்து சேர மூன்று, நான்கு நாள்கள் ஆகும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கரிகாற்சோழன் கட்டியதாகப் போற்றப்படும் இவ்வணையில், நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்று வழிகளில் பகிர்ந்தளிக்கப்படுகிறது. எஞ்சிய நீர் கொள்ளிடத்திற்குத் திருப்பி விடப்படுகிறது.

காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் முதலிய ஆறுகள் பிரிகின்றன. வெண்ணாறு நீடாமங்கலத்திற்கு அருகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. ஆறு பிரியும் இத்தகைய இடங்களைப் படுகை மக்கள் 'தலைப்பு' என்று அழைப்பர்.

மதகிலிருந்து மடைக்கு

படுகை நிலம் மிகவும் சமமானது; அதன் சரிவு மிகச் சிறிது. ஆறு வயலைவிடத் தாழ்வாக ஓடினால் நீர் தானாக வயலில் ஏறாது. எனவே ஆற்றின் குறுக்கே நீரொழுங்கி என்னும் அமைப்பைக் கட்டுகின்றனர். அதன் இரும்புக் கதவுகளை இறக்கினால் பின்புறம் நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீர், கரையிலுள்ள தலைமதகின் வழியே வாய்க்காலுக்குள் நுழையும். பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்களும், அவற்றிலிருந்து வயல் வாய்க்கால்களும் பிரியும். இறுதியில் உழவர் மண்வெட்டியால் வரப்பை வெட்டி மடையைத் திறப்பார். நீர் வயலில் பாயும். வயலில் மிகுந்த நீர் வெளியேறுவதற்கு வடிகால் வாய்க்கால்கள் தனியே உண்டு.

தலைமடையும் கடைமடையும்

வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள வயல் தலைமடை எனப்படும். இறுதியில் உள்ளது கடைமடை. தலைமடை வயலுக்கு நீர் முதலில் கிடைக்கும். கடைமடை வயலோ முன்னுள்ள அனைவரும் பாய்ச்சிய பின் எஞ்சும் நீரையே நம்பியிருக்கும்.

வழியில் நீர் குறைவதற்குக் காரணங்கள் பல. வறண்ட ஆற்றுமணல் முதலில் வரும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். வண்டல் படிந்த வாய்க்காலில் குறைந்த நீரே ஓடும். ஆகாயத்தாமரை மண்டினால் ஓட்டம் தடைப்படும். மேல்பகுதியில் ஒருவர் தம் தேவை முடிந்த பின்னும் மடையை அடைக்காது உறங்கிவிட்டால், அந்த இரவு கீழ்ப்பகுதி வயல் காய்ந்து கிடக்கும்.

இத்தாமதத்தின் விளைவு பெரிது. குறுவை நெல் ஏறத்தாழ நான்கு மாதப் பயிர். நீர் காலத்தில் வந்தால் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் அதனை அறுவடை செய்துவிடலாம். நீர் தாமதமானால் விதைப்பும் தாமதமாகும். முற்றிய கதிர்கள் ஐப்பசி மழையில் சாய்ந்துவிடும். மேட்டு நிலத்து வெள்ளம் வடியும் வழியும் கடைமடையே. ஆதலால் கோடையில் நீரின்றியும் மழைக்காலத்தில் நீர் மிகுந்தும் துன்புறுபவர் அப்பகுதி உழவரே ஆவர்.

ஆற்றில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் போதாது என்பதை 2018-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மேட்டூர் அணை நிரம்பிற்று. கொள்ளிடத்தில் ஓடிய பெருவெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. அதே காலத்தில், தம் வாய்க்கால்களுக்கு நீர் வந்து சேரவில்லை எனக் கடைமடை உழவர்கள் முறையிட்டனர்.

முறை வைத்தல்

நீர் குறைவான காலத்தில் அதனை எல்லா ஆறுகளிலும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாக விட்டால், எந்த ஆற்றிலும் நீர்மட்டம் மதகின் உயரத்தை எட்டாது. எவருக்கும் பயன் இராது. எனவே சில நாள் காவிரிக்கும், அடுத்த சில நாள் வெண்ணாற்றுக்கும் என முறைவைத்து நிறைவாகத் திறப்பர். இது முறைப்பாசனம் எனப்படும். தன் முறை வரும் வரை காத்திருப்பவருக்குக் கடைசி வயல் வரை செல்லும் அளவு நீர் கிடைக்கிறது.

இவ்வழக்கம் பிற இடங்களிலும் உண்டு. பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் கால்வாய்ப் பாசனத்தில், ஒவ்வோர் உழவருக்கும் அவர்தம் நிலத்தின் அளவுக்கேற்ப வாரந்தோறும் இன்ன நாள், இன்ன நேரம் என்று வரையறுத்துள்ளனர். அதனை 'வாராபந்தி' என்பர். தமிழ்நாட்டில் ஏரிப் பாசனமுள்ள பல ஊர்களில், வயல்தோறும் முறையாக நீர் பாய்ச்சுவதற்கென்றே ஒருவரை ஊரார் அமர்த்தினர். அவருக்கு 'நீர்க்கட்டி' என்று பெயர். அறுவடையில் ஒரு பங்கு நெல்லே அவர் பெறும் கூலி.

நீர் வருவதற்கு முன் வாய்க்காலைத் தூர்வாருவதும் அத்துணை இன்றியமையாதது. ஊரார் கூடித் தம் ஏரியையும் வாய்க்காலையும் பேணிய பழைய வழக்கத்திற்குக் 'குடிமராமத்து' என்று பெயர்.

அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. அணையும் ஆறும் மதகும் வாய்க்காலும் தம் கடமையை நிறைவேற்றினவா என்பதை அறிய விரும்புபவர், கடைமடை வயலுக்குச் சென்று பார்க்க வேண்டும். அங்கு நாற்று நீரில் நின்றால், வழிநெடுக இருந்த அனைவரும் தத்தம் மடையை உரிய நேரத்தில் அடைத்துள்ளனர் என்பது பொருள்.

சிந்தித்து விடை எழுதுக

1. நீரொழுங்கியின் கதவை இறக்கினால் வாய்க்காலுக்குள் நீர் நுழைவது எவ்வாறு?
2. குறைந்த நீரை எல்லா ஆறுகளிலும் ஒரே நேரத்தில் திறந்துவிடாமல் முறைவைத்துத் திறப்பது ஏன்?
3. தலைமடை உழவர் ஒருவருக்கும் கடைமடை உழவர் ஒருவருக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் வயலுக்கு நீர் ஆற்றிலிருந்து வருகிறதா, ஏரியிலிருந்தா, கிணற்றிலிருந்தா எனக் கேட்டறிந்து, அங்கு வழங்கும் பாசனச் சொற்கள் ஐந்தனைத் தொகுத்து எழுதுக.