வீதி யாருக்கு?

பாண்டி பஜார் என்று ஜனங்கள் வழங்கும் சென்னைத் தியாகராயர் சாலை, நெடுங்காலம் மோட்டார் வண்டிகளுக்கே சாஸனம் எழுதிக் கொடுத்தாற்போல் இருந்தது. வண்டிப்பாதையைக் குறுக்கி நடைபாதையை விசாலமாக்கி, 2019 நவம்பரில் அதனைப் புதிதாகத் திறந்தார்கள். இக்காரியத்தை நாம் மனமுவந்து போற்றுகிறோம்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கு நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஆகவேண்டுமென்னும் கொள்கையைச் சென்னை நகரசபை 2014-லேயே அங்கீகரித்தது. அங்ஙனமிருக்க, இந்தச் சௌகரியம் கடைவீதியோடு நின்றுவிடலாமா? வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் விடியற்காலையில் வேலைக்கு நடக்கும் தொழிலாளிக்கு வீதியில் பாத்தியதை இல்லையா?

தடையின்றி நடப்பதற்கு 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டுமென்று இந்திய சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் வருஷத்து விதி கூறிற்று. எத்தனை வீதிகளில் அது உண்டு? உள்ள இடத்தையும் மின்சாரப் பெட்டிகளும், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்களும் கவர்ந்துகொள்கின்றன. சைக்கிள்காரரோ பஸ்ஸுக்கும் லாரிக்குமிடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்கிறார்.

வண்டி நிறுத்த இடமில்லையேல் வியாபாரம் கெடும் என்பர் சிலர். காரில் வருபவரும் இறங்கி நடந்தே கடைக்குள் புகவேண்டும். வண்டியோட்டிகளுக்கு நாம் விரோதிகளல்லோம். நடப்போருக்குத் தக்க இடமிருந்தால் அவர்கள் வண்டிப்பாதையில் இறங்க நேராது. ஓட்டுவோருக்கும் அது க்ஷேமமே.

வீதி பொதுச்சொத்து. வார்டுதோறும் அன்பர்கள் கூடி, தத்தம் வீதியின் நடைபாதையை முழக்கோல் கொண்டு அளந்து, நகரசபை அங்கத்தினரிடம் கணக்குக் கேட்பார்களாக.