மணலில் எரியும் அடுப்பு

மணலில் பெட்ரோலை ஊற்றித் தேநீர் காய்ச்சினார்கள் என்று யுத்த நினைவுக் குறிப்பொன்றில் படித்ததாகவும், மணல் எங்ஙனம் எரியும் என்பது விளங்கவில்லை என்றும் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் படித்தது உண்மையே. 1940 முதல் 1943 வரை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போர் புரிந்த பிரிட்டிஷ் சேனையினர், லிபியாவின் துறைமுக நகரொன்றின் பெயரால் ‘பெங்காசி அடுப்பு’ என வழங்கிய சாதனத்தில்தான் தேநீர் காய்ச்சினார்கள்.

அச்சேனைக்குப் பெட்ரோல், நான்கு காலன், அதாவது ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் மெல்லிய தகர டின்களில் வந்தது. காலியான டின்னைக் குறுக்கே வெட்டி, பக்கங்களில் காற்றுக்குத் துளையிட்டு, மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கிளறி, எட்ட நின்று தீக்குச்சியை எறிவார்கள். மற்றப் பாதி, தண்ணீர் கொதிக்கும் பாத்திரமாகும்.

இதில் என் மனத்தைக் கவர்வது மணல்தான். மணல் எரிவதில்லை; பெட்ரோலும் திரவமாக இருக்கையில் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே காற்றோடு கலந்து எரிகிறது. வெறும் டின்னில் ஊற்றிக் கொளுத்தினால், பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் ஆவியாகி, தீ ஆளுயரம் எழும்பும். டின் சற்றே சாய்ந்தாலும் நெருப்பு ஆறாக ஓடும். மணலோ, பாட்டி அகலில் இட்ட பஞ்சுத் திரி எண்ணெயை உறிஞ்சி நின்றதைப் போலவே, தன் நுண்ணிய இடைவெளிகளில் பெட்ரோலைப் பிடித்து வைத்து, மேற்பரப்பு உலர உலரக் கீழிருந்து சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுக்கிறது. உள்ளே காற்று இல்லாமையால் தீ அடிக்கு இறங்குவதில்லை. தீ தணியும்போது குச்சியால் கிளறினால், அடியிலுள்ள ஈர மணல் மேலே வந்து மீண்டும் எரியும். ஆனால் அணைந்ததென்று எண்ணிச் சூடான மணலில் மேலும் பெட்ரோலை ஊற்றினால், அது கணத்தில் ஆவியாகி, ஊற்றுகிறவனின் கையிலுள்ள டின்னையே பற்றிக்கொள்ளும். ஆதலால் இளைஞர் எவரும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாகாது.

சிப்பாயின் யுக்தியைப் போற்றும் நாம், அந்த டின்களின் குறையை மறத்தல் நியாயமன்று. பாதையற்ற பாலைவனத்தில் லாரிகளில் குலுங்கிய அவை பொருத்துவாயில் பிளந்து, மாலுமிகள் உயிரைப் பணயம் வைத்துக் கப்பலில் கொண்டுவந்த பெட்ரோலை வழியெல்லாம் சிந்தின. மலிவென்று கருதிச் செய்தது எத்துணை விரயமாயிற்று! ஜெர்மானியரின் உறுதியான 20 லிட்டர் எஃகு டின்களைக் கைப்பற்றிய பிரிட்டிஷார், பிற்பாடு அவற்றைப் போலவே தாமும் செய்யலாயினர். அதனைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாகாதா என்னும் ஆற்றாமை எனக்கு இன்னும் நீங்கவில்லை.