இன்ஜினும் மோட்டாரும்

"கரண்ட் வந்திருச்சு, மோட்டாரைப் போடு" என்பார் என் பெரியப்பா. கரண்ட் வராத நாளில் "இன்ஜினை எடு" என்பார். கிணறு ஒன்றுதான், வாய்க்காலும் ஒன்றுதான். ஆனால் டீசலில் ஓடுவதை மோட்டார் என்றோ, கரண்டில் ஓடுவதை இன்ஜின் என்றோ ஒருநாளும் அவர் மாற்றிச் சொன்னதில்லை. நம் கிணற்றடிகளில் இவ்வளவு கறாராகப் புழங்கும் இந்த இரண்டு சொற்களும், சொந்த வீடான ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மோட்டார் கார் என்பார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது இன்ஜின். மோட்டார் சைக்கிளும் அப்படியே. 1903-இல் தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனி விற்றதும் பெட்ரோல் இன்ஜின் பூட்டிய வண்டிகளைத்தான்.

பெரியப்பாவின் கணக்கு சரியானது. இன்ஜின் என்றால் அங்கே நெருப்பு இருக்க வேண்டும். எரிபொருளை எரித்து, அந்தச் சூட்டை அசைவாக்குவது அதன் வேலை. 1712-இல் இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அருகே தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவி இன்ஜின், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஊறிய தண்ணீரை வெளியே இறைத்தது. நம் ஊர் ஆயில் இன்ஜின் செய்வதும் அதே வேலைதான். நியூகோமனின் இன்ஜினில் எரித்த கரியின் சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. நல்ல டீசல் இன்ஜினில் இன்று நாற்பது பங்கு வரை தேறுகிறது. மீதி புகையோடும், இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரோடும் போய்விடுகிறது.

மோட்டாருக்குள் எதுவும் எரிவதில்லை. கரண்ட் பாயும் கம்பி காந்தத்தின் அருகே தள்ளப்படும் என்பதே அதன் அடிப்படை. 1821-இல் மைக்கேல் ஃபாரடே, பாதரசத்தில் தொங்கவிட்ட ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓட வைத்துக் காட்டினார். இன்று கிணற்றடியில் ஓடும் மூன்று ஃபேஸ் மோட்டார், நிக்கோலா டெஸ்லா 1888-இல் காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்தது. பெரிய மோட்டார்களில் உள்ளே போகும் சக்தியில் தொண்ணூறு பங்குக்கு மேல் சுழற்சியாகத் திரும்பி வருகிறது. ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் மோட்டாருக்கே கொடுத்துவிடக் கூடாது. நெருப்பை அது தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிவதால் எங்கோ ஒரு தோட்டத்தில் மோட்டார் சுற்றுகிறது.

பழுது பார்க்கும் கடைக்குப் போனால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மோட்டார் கெட்டால் "காயில் போயிருச்சு" என்று சொல்லி, கருகிய செப்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் காயில் கட்டுகிறார்கள். இன்ஜின் தேய்ந்தால் போர் போட்டுப் பிஸ்டனை மாற்றுகிறார்கள்.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது இரண்டும் கிளம்பும் விதம். மோட்டாருக்கு சுவிட்ச் போதும். நின்ற நிலையிலேயே இழுக்கும் வலு அதற்கு உண்டு. இன்ஜின் தானாக எழுந்திருக்காது. முதலில் காற்றை இழுக்க வேண்டும், அதை நசுக்க வேண்டும், பிறகுதான் எரிபொருள் பற்றும். அந்த முதல் சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது கொடுத்தாக வேண்டும். பெரியப்பா ஹேண்டிலை மாட்டி, வால்வைத் திறந்து வைக்கும் சின்ன நெம்பைத் தூக்கிக்கொண்டு, ஃபிளைவீல் வேகம் பிடிக்கும்வரை மூச்சு வாங்கச் சுற்றுவார். நெம்பை விட்டதும் 'டுப் டுப்' என்று பிடித்துக்கொள்ளும். கார்களையும் ஒரு காலத்தில் அப்படித்தான் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் வந்த பிறகு அந்தக் கை வலி மெல்ல ஒழிந்தது. அந்த ஸ்டார்ட்டர் வேறொன்றுமில்லை, ஒரு மோட்டார். பெட்ரோல் காரின் இன்ஜினைத் தினமும் தட்டி எழுப்புவது அதன் பக்கத்தில் இருக்கும் மோட்டார்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மோட்டாரைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும்: கரண்ட் கொடுத்தால் சுற்றும், சுற்றிவிட்டால் கரண்ட் கொடுக்கும். 1873-இல் வியன்னா கண்காட்சியில், கிராம் என்பவரின் பெயர் கொண்ட டைனமோக்களில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இன்னொன்றோடு கம்பியால் இணைத்தபோது, அந்த இரண்டாவது டைனமோ மோட்டாராகச் சுழன்றது. இன்றைய மின்சாரக் கார் பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குச் சக்தியைத் திருப்பி அனுப்புவது இந்தக் குணத்தால்தான். இன்ஜினை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒரு சொட்டு டீசல் திரும்பி வராது.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டு கருவிகளின் பெயர்கள் ஏன் கலந்தன? சொற்கள் கருவிகளைவிட மூத்தவை என்பதால்தான். லத்தீனில் 'இன்ஜீனியம்' என்றால் பிறவி அறிவு, சாமர்த்தியம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது தந்திரம், கண்ணி, கோட்டையை உடைக்கும் போர்க்கருவி என்றெல்லாம் பொருள் கொண்டது. நம்முடைய 'பொறி'யை நினைத்துப் பாருங்கள். எலிப்பொறியும் பொறிதான், சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலில் அடுக்கிக் காட்டும் போர்க்கருவிகளும் பொறிகள்தான். இன்ஜினியருக்குப் பொறியாளர் என்று பெயர் வைத்தவர்களின் காதைப் பாராட்ட வேண்டும். சார்லஸ் பாபேஜ் 1820-களில் திட்டமிட்ட கணக்கிடும் கருவியில் நெருப்பே கிடையாது. அதற்கும் இன்ஜின் என்றே பெயர் வைத்தார். ஜின்னிங் மில்லில் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் 'ஜின்' கூட இன்ஜினின் தலையை வெட்டிய சொல்தான்.

மோட்டார் என்ற லத்தீன் சொல்லுக்கு 'அசைப்பது' என்று மட்டுமே பொருள். எதனால் அசைக்கிறது என்ற கேள்வியே அதில் இல்லை. ஜெர்மானியர்கள் இன்ஜினையும் அந்தச் சொல்லாலேயே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டிக்கு, வாயு மோட்டாரில் ஓடும் வண்டி என்பதுதான் விளக்கம். கார் வளர்ந்த நாட்டின் பேச்சு இப்படி இருந்தபோது, ஆங்கிலத்தில் 'மோட்டார் கார்' நிலைத்ததில் வியப்பில்லை.

ராக்கெட்காரர்கள் தங்களுக்கென்று வேறொரு கோடு போட்டிருக்கிறார்கள். திட எரிபொருள் என்றால் மோட்டார், திரவ எரிபொருள் என்றால் இன்ஜின். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டம் திட எரிபொருள் நிரப்பிய மோட்டார். இரண்டாம் கட்டத்தில் விகாஸ் இன்ஜின். மூன்றில் மறுபடி மோட்டார், நான்கில் மறுபடி இன்ஜின். இரண்டிலும் நெருப்புதான். இங்கே மட்டும் பெரியப்பாவின் கணக்கு செல்லாது.

டீசல் ரயிலின் முன்னால் போவதில் இரண்டும் உண்டு. நெடுங்காலம் ஓடிய டபிள்யூ.டி.எம்-2 வகையில் 16 சிலிண்டர் கொண்ட 2,600 குதிரைத்திறன் இன்ஜின் கரண்டை உண்டாக்கும். அந்தக் கரண்டை வாங்கிச் சக்கரங்களைச் சுற்றுபவை ஆறு மோட்டார்கள். மின்சார ரயிலின் முன்னால் போவதில் இன்ஜினே கிடையாது; மேலே கம்பி, கீழே மோட்டார். ஆனால் ஜங்ஷனில் வண்டி கூடுதல் நேரம் நின்றால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "இன்ஜின் மாத்துறாங்க" என்றுதான் பெரியப்பாவும் சொல்வார்.